வண்டிக்குள் பீடி வாசனை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்று மாடி வீடு ஒன்று தெரியும். நான் கட்டியது. கீழே ஆறு பெரிய கிரைண்டர் ஓடுகிறது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக நான் வாங்கிப் போட்டது. பின்னால் இருக்கும் கிணறு, பாறைதான் வரும், தண்ணீர் வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் நான் வெட்டியது. இன்றைக்கும் சித்திரையில் வற்றுவதில்லை. எங்கள் தெரு மழைத்தண்ணீர் போகும் கால்வாய்க்கு முதல் கடப்பாரை போட்டவன் நான். வீட்டில் அரைக்கிற இட்லி மாவை யாராவது கடையில் போய் வாங்குவார்களா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இன்றைக்கு என் மாவு இருக்கிறது. என் அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இன்னொன்றும் நான் செய்திருக்கிறேன். ஓடுகிற பிக்கப் வண்டியில் வந்த ஒரு வாசனையை என் மூக்கை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தேன். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதில் என் டிரைவரின் பெயரும் வேலையும் மாட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கதையை இப்போது ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

போன கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மறைமலை நகரில் ஒரு கேன்டீனுக்குத் தினமும் காலையில் இரண்டு பெரிய கேன் மாவு அனுப்புவோம். பாக்கெட் மாவெல்லாம் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் போகும். இந்த இரண்டு கேன் மட்டும் மழைக்குப் பயந்து முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் இருக்கும். அதற்கு மூடி போட மாட்டோம். மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும் என்பதால் வெள்ளைத் துணியைக் கட்டித்தான் அனுப்புவோம். ஒருநாள் அந்த கேன்டீன்காரர் போன் செய்து, இட்லியில் பீடி நாற்றம் அடிக்கிறது, சாப்பிட்டவர்கள் தட்டோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்றார். மறுநாளும் அதே போன். மூன்றாம் நாள் கேன் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. துணியை அவிழ்த்து நானே முகர்ந்து பார்த்தேன். பீடிதான். சந்தேகமே இல்லை.

மாவு அப்படித்தான். பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் இடத்தில் பீடி, சிகரெட் குடிப்பவர் யாரும் இல்லை. குடிக்கிறவரை மாவு வேலைக்கு நான் சேர்ப்பதும் இல்லை. அப்படியானால் வாசனை வண்டியில்தான் ஏறியிருக்க வேண்டும். வண்டியில் இருப்பவர் ஒருவர்தான்.

என் டிரைவர் அனகாபுத்தூர்க்காரர். நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக என்னிடம் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் நாளுக்கு இரண்டு கட்டு பீடி ஊதியவர். நான்கு வருடத்துக்கு முன்பு சபரிமலைக்கு முதல்முறை மாலை போட்டபோது விட்டார். மாலை கழற்றிய பிறகும் தொடவில்லை என்றார். நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் சரி.

இந்த வருடமும் கார்த்திகை முதல் தேதியே மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, நெற்றி நிறைய சந்தனம். மாலை போட்டவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எதிரில் நிற்பவரை சாமி என்பார். அதனால் அந்த நாற்பத்தெட்டு நாளும் எங்களுக்குள் முதலாளியும் கிடையாது, டிரைவரும் கிடையாது. இரண்டு சாமிகள்தான். ஒரு சாமி இன்னொரு சாமியிடம் போய் பீடி குடித்தாயா என்று எப்படிக் கேட்பது? வாயால் கேட்க முடியாததை மூக்கால் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் மூக்கைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஊறுகிற உளுந்துக்கு எப்போது தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்வேன். வண்டியும் அப்படித்தான், எங்கே வலிக்கிறது என்று வாசனையில் சொல்லும். முடி கருகுகிற மாதிரி வந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அழுகிய முட்டை மாதிரி வந்தால் பேட்டரி கொதிக்கிறது. தொண்டையைக் கரிக்கும் புகை என்றால் ஒயர். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் வண்டியை நானே ஓட்டி, நானே ரோட்டில் நின்று, நானே தெரிந்துகொண்டது.

மறுநாள் காலையில் டிரைவர் வருவதற்கு முன்பே பானட்டைத் திறந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து பக்கத்திலேயே நின்றேன். பீடி வாசனை இல்லை. ஆனால் வேறு ஒன்று வந்தது, வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். விரலை விட்டுத் தேடினேன். ஒரு ரப்பர் ஓஸின் கிளிப் தளர்ந்து பச்சையாகப் பிசுபிசுத்தது. அன்றைக்கே மாற்றியாயிற்று. இப்படி ஒரு கசிவு இருப்பதை டிரைவர் ஏன் சொல்லவில்லை? இதை மறைத்தவர் இன்னும் என்னென்ன மறைக்கிறாரோ? கேட்டதற்கு, கிளிப் முந்தாநாள் சரியாகத்தான் இருந்தது என்றார்.

அதற்கு அடுத்த நாள் கேன் மறுபடியும் திரும்பி வந்தது. அதே பீடி.

அன்று முதல் நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் கை கழுவப் போனால் கேபினில் ஏறி சீட்டை முகர்ந்தேன். ஆணியில் தொங்கிய துண்டை முகர்ந்தேன். வண்டியின் முன்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தீப்பெட்டி. அது எதற்கு என்று விளையாட்டாகக் கேட்டேன். டேஷ்போர்டில் இருக்கும் ஐயப்பன் படத்துக்குக் காலையில் கற்பூரம் ஏற்ற என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகு குச்சியை எண்ணினேன். இருபத்தேழு. அடுத்த நாள் எண்ணினால் இருபத்தைந்து. ஒரு கற்பூரத்துக்கு எதற்கு இரண்டு குச்சி? மழை ஈரத்தில் ஒன்று பற்றாமல் போயிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. செம்பாக்கத்தில் அவர் வழக்கமாக நிற்கும் கடையில் போய், எங்கள் சாமி இங்கே என்ன வாங்குகிறார் என்று விசாரித்தேன். வாழைப்பழம் என்றார் கடைக்காரர். கடைக்காரரும் அவருக்குக் கூட்டு என்று முடிவு செய்தேன்.

வீட்டில் என் மனைவிக்கு இது தெரிந்துவிட்டது. வெளியே காயப்போட்டிருந்த டிரைவருடைய மழைக்கோட்டின் கழுத்துப்பட்டியில் நான் மூக்கை வைத்திருந்தபோது பார்த்துவிட்டாள்.

"மாலை போட்டவர மோந்து பாக்கறீங்களே, வெக்கமா இல்லயா?" என்றாள்.

"மாவு போவுதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"மாவ நாளைக்கு அரைச்சிக்கலாம். ஆளு போனா எங்க போய் அரைப்பீங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அவளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நானே வண்டியில் ஏறினேன். கேன் இரண்டையும் என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேம்ப் ரோடு தாண்டியது, ஒன்றும் இல்லை. தாம்பரம் தாண்டியது, ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்திருப்பதால் இன்றைக்குக் குடிக்க மாட்டார், வாசனையும் வராது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பெருங்களத்தூரில் வண்டிகள் ஊர்ந்தன. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை ஏற்றினோம். முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. ஆவி போவதற்கு அவர் கண்ணாடியில் காற்று அடிக்கிற பிளோயரைப் போட்டார்.

வாசனை வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்த மாதிரி.

அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வாய் மூடியிருந்தது. நான் என் கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? தினமும் குடித்துக் குடித்து வாசனை பிளோயருக்குள்ளேயே தங்கிவிட்டது என்றது. சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தீனி போட எதுவும் போதும்.

மறைமலை நகரில் கேன்டீன்காரர் துணியை முகர்ந்துவிட்டு, இனிமேல் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவரோடு மலைக்குப் போகும் இரண்டு சாமிகள் அங்கே நின்றிருந்தார்கள். இவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு அவர்களோடு பேசினார். ஏதோ சொல்லி மூவரும் சிரித்தார்கள். என் கேன் திரும்பி வந்திருக்கிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மாலைய கழுத்துல போட்டுகினு பீடி குடிக்கிறவன் ஓட்ற வண்டில என் மாவு போவாது" என்றேன். நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னேன்.

மற்ற இரண்டு சாமிகளும் அவரைப் பார்த்தார்கள். அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சாமி, நீ சீட்ட மோந்த, துண்ட மோந்த, தீப்பெட்டில குச்சி எண்ணுன. எல்லாம் பாத்துகினு தான் இருந்தேன். ஒரு நாளாவது வாயத் தொறந்து என்ன கேட்டியா?"

"இப்ப கேக்கறேன்."

"இப்ப நீ கேக்கல. தீர்ப்பு சொல்ற." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தார். "நான் ஏற மாட்டேன். நீயே ஓட்டினு போ. நான் இல்லாத வண்டில வாசனை வரலன்னா நான் பீடி குடிச்சவன். வந்துச்சினா நீ யாருன்னு நீயே சொல்லிக்க."

நான் ஸ்டியரிங் தொட்டு நாலைந்து வருடம் ஆகிறது. ஆனால் அந்த இடத்தில் சாவியை எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன். மழையில் தாம்பரம் பக்கம் மெதுவாக ஓட்டினேன். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்ததும் பிளோயரைப் போட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்ற இடத்தில் அது வந்தது. கேபினில் நான் ஒருவன்தான். என் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் பீடி வாசனை வந்துகொண்டே இருந்தது.

பயந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து சீட்டை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பிளோயரை நிறுத்தினேன். வாசனை குறைந்தது. போட்டேன், வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. வண்டி வேகமாகப் போனால் குறைகிறது, நின்றால் கூடுகிறது. ஆக, வாசனை கேபினில் பிறக்கவில்லை. பானட்டுக்குள், இஞ்சின் சூடான பிறகு பிறக்கிறது. பிளோயர் அதை இழுத்து உள்ளே தள்ளுகிறது. காலையில் குளிர்ந்த இஞ்சின் பக்கத்தில் நின்று முகர்ந்தால் அது எப்படி வரும்?

நேராக இரும்புலியூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனேன். இஞ்சினை நிறுத்தவிடாமல் பானட்டைத் திறக்கச் சொன்னேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒயர் கருகுகிறது என்றார். ஒயர் என்றால் தொண்டையில் பிடிக்கும், இது மூக்கோடு நிற்கிறது, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற இடத்தில் காற்று உள்ளே போகிற வழியைத் திற என்று நான்தான் சொன்னேன். அவர் அலுத்துக்கொண்டே வைப்பரைக் கழற்றினார். அதற்கு அடியில் சல்லடை மாதிரி இருந்த கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியைத் தூக்கினார்.

உள்ளே ஊறிப்போன இலைச்சருகு. அதற்கு நடுவில் பழுப்பேறிக் கிழிந்த ஒரு துணி முடிச்சு. முடிச்சிலிருந்து சருகு மாதிரி ஏதோ சரிந்து, சந்து வழியாக இஞ்சினின் பின்பக்கம் விழுந்திருந்தது. சைலன்சர் தொடங்குகிற இரும்புக்குழாய் அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் அது கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. மெக்கானிக் துணியைக் குறடால் எடுத்து நீட்டினார். பச்சைக் கரை.

"யாரு இங்க பொகையிலைய சொருவுனது?" என்றார்.

அந்தக் கரை என் வேட்டியுடையது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் மழையில் ஏரிக்கரை எலியெல்லாம் தெருவுக்கு ஏறிவிட்டது. எங்கள் வண்டியின் ஒயரை ஒரே வாரத்தில் இரண்டு தடவை கடித்தது. தாம்பரம் மார்க்கெட்டில் காய்ந்த புகையிலை வாங்கி, என் பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சுக் கட்டி, பானட்டுக்குள் வைத்தேன். அந்த நெடிக்கு எலி வராது. எங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கும் பல பேர் செய்கிற வேலைதான். மழை முடிந்ததும் எடுத்தேன், இரண்டு முடிச்சு. இரண்டுதான் வைத்தேன் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். மூன்றாவது ஒன்றை அந்த ஜாலியின் சந்தில் திணித்தது நினைவில் இல்லை. வெயில் காலத்தில் ஜன்னல் திறந்திருக்கும், பிளோயர் போட வேண்டிய வேலையே இல்லை. இந்த மழையில் துணி ஊறி, இற்று, கிழிந்துவிட்டது.

"நான் தாம்பா" என்றேன்.

மெக்கானிக் துணியையும் என்னையும் பார்த்தார். "அப்ப பீடி குடிச்சது வண்டி. சுத்திக் குடுத்தது நீ. நடுவுல டிரைவர் சாமி இன்னாண்ணா பண்ணாரு?"

வேலையைப் பார்க்கச் சொன்னேன். குழாய்மேல் ஒட்டியதைச் சுரண்டி எடுத்து, காற்று அடித்து, பிளோயரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பூட்டினார். எலி வராமல் அந்தச் சந்துக்குக் கம்பி வலை வைக்கச் சொன்னது என் யோசனை. வண்டலூர் வரைக்கும் போய் வந்தேன், பிளோயரைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு. வாசனை இல்லை.

வாசனை போய்விட்டது. டிரைவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. நானே வண்டி ஓட்டினேன். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாரோ என்று அதிலும் ஒரு சந்தேகம். ஒரு காலையில் அனகாபுத்தூர் போய் அவர் தெருமுனையில் நின்றுகூடப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பெருங்களத்தூர் டீக்கடையில் நான் சொன்னது அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே ஐயப்பன் பஜனைக்கு வந்தவர்களில் ஒருவர், மாலையைக் கழற்றிவிட்டுப் போ என்றே அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பஜனை நடக்கும் பந்தலுக்குப் போனேன். அத்தனை சாமிகளுக்கு முன்னால் அவர் காலில் விழுந்தேன். மாலை போட்டவர் காலில் யாரும் விழலாம், வயது பார்க்கக் கூடாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. அவர் சாமி சரணம் என்று சொல்லி என்னைத் தூக்கி, நெற்றியில் திருநீறு வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். என்னோடு செருப்பு இருக்கும் இடம் வரைக்கும் வந்தார்.

"இது மாலைக்கு வுழுந்தது சாமி. வுழுந்தவங்கல்லாம் மாலைக்குத் தான் வுழறாங்க. கழட்டின அப்பறம் வந்து எனக்குச் சொல்லு."

அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. சாமி காலில் விழுவது ஒரு வேலை. பதினோரு வருடமாக நான் நீ, வா, போ என்று பேசிய டிரைவரிடம் போய் நின்று சொல்வது வேறு வேலை. அவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் சொல்லாமல் தப்பிக்க வழி தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வேறு டிரைவர் இரண்டு பேரைப் பார்த்தேன். இரண்டு பேரையும் முகர்ந்து பார்க்கத் தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன்.

அவர் திரும்பி வந்து மாலை கழற்றியதற்கு மறுநாள் போனேன். குறுகலான சந்து, குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லுங்கியும் பனியனுமாக அவர் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பீடி நீ குடிக்கல. பொகையிலை நான் வெச்சேன். வெச்சிட்டு மறந்தேன். கேக்காம உன்ன அசிங்கப்படுத்தினேன். தப்பு" என்றேன். குழாயடிக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.

"டீக்கடைல இருந்த ரெண்டு பேரு கிட்ட சொன்னியா மொதலாளி?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அவங்க கிட்ட சொல்லிட்டு வா. நாளைக்கு வண்டிக்கு வரேன்."

ஒருவர் பெருங்களத்தூரில், இன்னொருவர் பம்மலில். அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு டிரைவர் வந்து கேனை ஏற்றினார். பிளோயரை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வேண்டாம் என்றிருந்த கேன்டீன்காரர் மாவை முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டார்.

இதுதான் நடந்தது. ஆனால் இரும்புலியூரில் அந்த மெக்கானிக், தான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஒயர் என்றவர். பஜனைக்காரர்கள் ஐயப்பனே காட்டிக்கொடுத்தார் என்கிறார்கள். ஐயப்பனை நான் மறுக்கவில்லை, ஆனால் பிளோயரை மூன்று தடவை போட்டு நிறுத்தியது நான். என் மனைவியோ, டிரைவர் சாவியைக் கொடுக்காவிட்டால் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்கிறாள். அது சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரியாதைக்காக என் புகையிலை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். இனி இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், டிரைவர் பீடி குடிக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, புகையிலையைத் திணித்த கை என்னுடையது, அதை மோப்பம் பிடித்த மூக்கும் என்னுடையது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட நான் சம்மதிக்க மாட்டேன்.